கணினி நினைவக மேலாண்மையும் செயல்முறை ஒத்திசைவும்: பரவலான தவறான புரிதல்கள்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க அமைப்பு, கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையில் நின்று வளங்களைப் பங்கிட்டுத் தரும் மென்பொருள் ஆகும். அதன் பணிகளுள் இரண்டு மாணவர்களைப் பெரிதும் குழப்புகின்றன. ஒன்று, இருக்கும் நினைவகத்தைப் பல நிரல்களுக்குப் பிரித்துத் தருகிற நினைவக மேலாண்மை. மற்றொன்று, ஒரே நேரத்தில் இயங்கும் பல செயல்முறைகள் ஒரே தரவைத் தொடும்போது அது சீர்குலையாமல் காக்கிற செயல்முறை ஒத்திசைவு. இவ்விரு பகுதிகளிலும் பாடநூலைப் படித்து முடித்தவர்களிடமும், சில நேரம் பல ஆண்டுகள் நிரல் எழுதியவர்களிடமும் காணப்படும் தவறான புரிதல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இக்குழப்பங்களில் பாதிக்கு மேல் பெயர்களால் வந்தவை. 'மெய்நிகர்' என்றவுடன் பொய்யானது என்றும், 'பிழை' என்றவுடன் ஏதோ கெட்டுவிட்டது என்றும், 'காலி' என்றவுடன் நல்லது என்றும் மனம் முடிவுகட்டிவிடுகிறது. மூன்றுமே இங்குப் பொருந்தாது.

மெய்நிகர் நினைவகம் என்பது வன்தட்டில் உள்ள நினைவகமா?

"ரேம் போதாதபோது வன்தட்டின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது மெய்நிகர் நினைவகம்" என்பது தேர்வுத்தாள்களில் மிகுதியாகக் காணப்படும் விடை. இது முழுப்பொய் அன்று; ஆனால் யானையின் வாலை மட்டும் தடவிப் பார்த்துச் சொன்ன விடை. விண்டோஸ் இயக்க அமைப்பே தன் அமைப்புப் பெட்டி ஒன்றில் பேஜிங் கோப்பின் அளவை மாற்றும் இடத்துக்கு 'மெய்நிகர் நினைவகம்' என்று தலைப்பிட்டிருப்பது இக்குழப்பத்தை மேலும் வளர்த்தது.

உண்மையில் மெய்நிகர் நினைவகம் என்பது ஒரு முகவரி ஏற்பாடு. ஒவ்வொரு செயல்முறைக்கும் அதற்கே உரிய முகவரிப் பரப்பு தரப்படுகிறது. அந்தப் பரப்பு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான மேசைக் கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட்டு. ரேமும் அதே அளவுள்ள சட்டகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் எந்தச் சட்டகத்தில் இருக்கிறது என்பதைப் பக்க அட்டவணை சொல்கிறது. நிரல் ஓடும்போது அது கேட்கும் ஒவ்வொரு முகவரியையும் செயலியில் உள்ள நினைவக மேலாண்மை அலகு இந்த அட்டவணையைக் கொண்டு மாற்றித் தருகிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் 4,00,000 என்ற முகவரியில் எழுதலாம். இரண்டும் ரேமில் வெவ்வேறு இடங்களுக்குச் செல்லும். ஒன்று மற்றொன்றின் தரவைப் பார்க்கக்கூட முடியாது. உலாவியில் ஒரு பக்கம் செயலிழந்தாலும் பக்கத்தில் திறந்திருக்கும் உங்கள் கட்டுரைக் கோப்பு கெடாமல் இருப்பது இந்தப் பாதுகாப்பால்தான். வன்தட்டு இதில் எங்கும் வரவில்லை. மாற்றிடமாக ஒரு பைட்டுகூட ஒதுக்காமல் லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியிலும் மெய்நிகர் நினைவகம் முழுமையாக இயங்கிக்கொண்டே இருக்கும். ரேமில் இடம் போதாதபோது சில பக்கங்களை வட்டுக்கு அனுப்புவது, இந்த ஏற்பாடு இருப்பதால் கிடைக்கும் கூடுதல் வசதி மட்டுமே.

குழப்பத்துக்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. இம்முறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கணினி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ். அதில் 16 கிலோ சொற்கள் கொள்ளும் உள்ளகக் காந்த நினைவகமும் 96 கிலோ சொற்கள் கொள்ளும் காந்த உருளையும் இருந்தன. எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற கவலை நிரலருக்கு இல்லாமல், இரண்டையும் சேர்த்து ஒரே நினைவகமாகக் காட்டுவதே அட்லஸ் வடிவமைப்பாளர்களின் நோக்கம். அன்று இடப் பற்றாக்குறைதான் தலையாய சிக்கல். ஆகவே அந்தப் பயனே வரையறையாக மனங்களில் ஒட்டிக்கொண்டது.

இதனோடு ஒட்டிய இன்னொரு கருத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். "32 பிட்டு கணினியில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் ரேம் போட முடியாது" என்பார்கள். 32 பிட்டுகளால் 4,29,49,67,296 முகவரிகளையே குறிக்க முடியும் என்பது சரி. ஆனால் அது ஒரு செயல்முறை காணும் மெய்நிகர் பரப்பின் எல்லை. 1995-இல் வந்த பென்டியம் புரோ செயலி 36 பிட்டு இயற்பியல் முகவரிகளைக் கொண்டு 64 ஜிகாபைட்டு வரை ரேமைக் கையாள வழி செய்தது. மெய்நிகர் பரப்பும் உண்மையான ரேமும் வேறு வேறு என்பது புரிந்தால் இதில் வியப்பு இல்லை.

பக்கப் பிழை ஒரு பிழையா?

ஆங்கிலத்தில் 'பேஜ் ஃபால்ட்' எனப்படுவதைத் தமிழில் 'பக்கப் பிழை' என்று பெயர்த்து வழங்குகிறோம். 'பக்கமின்மை' என்று பெயர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஏனெனில் இதில் யாரும் தவறு செய்யவில்லை. நிரல் கேட்ட பக்கம் இந்த நொடியில் அட்டவணைப்படி ரேமில் இல்லை என்று செயலி இயக்க அமைப்புக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நிரலைத் திறந்தவுடன் அதன் முழுக் கோப்பும் ரேமில் ஏற்றப்படுவதில்லை. எந்தப் பக்கம் தேவைப்படுகிறதோ அந்தப் பக்கம் மட்டும், தேவைப்படும் நேரத்தில் ஏற்றப்படுகிறது. ஆகவே நல்ல நிலையில் இயங்கும் கணினியிலும் பக்கப் பிழைகள் ஓயாமல் நிகழ்ந்துகொண்டே இருக்கும். அவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. வேண்டிய பக்கம் ஏற்கெனவே ரேமில் வேறு காரணத்துக்காக இருந்து, அட்டவணையில் மட்டும் பதிவாகாமல் இருந்தால், ஒரு பதிவைச் சேர்த்தால் போதும். வட்டிலிருந்து படிக்க வேண்டியிருந்தால்தான் உண்மையான தாமதம். அந்த நிரலுக்கு உரிமையே இல்லாத முகவரியாக இருந்தால், அப்போதுதான் இயக்க அமைப்பு நிரலை நிறுத்துகிறது. சி மொழி படிக்கும் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' இதுவே.

வட்டுக்குப் போவது எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ரேமை ஒரு முறை அணுக 100 நானோநொடி என்று கொள்வோம். சுழலும் வன்தட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவர 8 மில்லிநொடி, அதாவது 80,00,000 நானோநொடி. ஆயிரம் அணுகல்களில் ஒன்றுக்கு மட்டும் வட்டுக்குப் போக நேர்ந்தால் சராசரி நேரம் என்ன? 999 பங்கு 100 நானோநொடியும் ஒரு பங்கு 80,00,000 நானோநொடியும் சேர்ந்து, ஓர் அணுகலுக்கு ஏறத்தாழ 8,100 நானோநொடி ஆகிறது. கணினி 81 மடங்கு மெதுவாகிவிட்டது. "ஆயிரத்துக்கு ஒன்றுதானே" என்று விட முடியாது. வன்தட்டுக்குப் பதிலாக 100 மைக்ரோநொடியில் தரும் திடநிலை வட்டு இருந்தால் அதே கணக்கு ஏறத்தாழ 200 நானோநொடி, அதாவது இரு மடங்குத் தாமதம் மட்டும் என்று வரும். பழைய மடிக்கணினியில் வன்தட்டை மாற்றியவர்கள் "புதிதாகிவிட்டது" என்று சொல்வதன் பின்னணியில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

காலியான ரேம் நல்ல ரேமா?

கைப்பேசியில் 'ரேம் கிளீனர்' வகைச் செயலிகள் இன்றும் பதிவிறக்கம் செய்யப்படுகின்றன. ஒரு பொத்தானை அழுத்தியவுடன் 'இத்தனை மெகாபைட்டு விடுவிக்கப்பட்டது' என்று காட்டும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்கிய நிறைவு வருகிறது. ஆனால் நினைவகம் வீட்டுத் திண்ணை அன்று. டைனமிக் ரேம் தன்னுள் தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் காலியாக வைத்திருப்பதால் மின்சாரம் மிச்சமாவதில்லை, வேகமும் கூடுவதில்லை.

இயக்க அமைப்பு மீதமுள்ள ரேமை வீணாக்காமல், அண்மையில் படித்த கோப்புகளின் படிகளை அதில் வைத்துக்கொள்கிறது. மீண்டும் அதே கோப்பு கேட்கப்பட்டால் வட்டுக்குப் போகத் தேவையில்லை. யாராவது புதிதாக ரேம் கேட்டால், இந்தப் படிகளை உடனே விட்டுக்கொடுத்துவிடலாம். மூலம் வட்டில் இருக்கிறது. லினக்ஸில் நினைவக நிலையைக் காட்டும் கட்டளையை இயக்கிப் பார்த்து, 'காலி' என்ற பத்தியில் மிகச் சிறிய எண் இருப்பதைக் கண்டு பதறுபவர்கள் பலர். பார்க்க வேண்டியது அதன் அருகில் உள்ள 'கிடைக்கக்கூடியது' என்ற பத்தி. இந்தப் பதற்றத்தைத் தணிக்கவே 2014-இல் வெளியான லினக்ஸ் 3.14 கெர்னலில் இதற்கெனத் தனி மதிப்பீடு சேர்க்கப்பட்டது.

ஆண்ட்ராய்டில் பின்னணியில் இருக்கும் செயலிகளை வரிசையாகத் தள்ளி மூடுவதும் இதே வகைதான். நினைவகம் குறைந்தால் எந்தச் செயலியை முதலில் நிறுத்தலாம் என்று அந்த அமைப்பே தரவரிசை வைத்திருக்கிறது. நாம் மூடிய செயலியைப் பத்து நிமிடத்தில் மீண்டும் திறந்தால், அது முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குக் கூடுதல் மின்கலமே செலவாகும். சிக்கிக்கொண்ட ஒரு செயலியை மூடுவது வேறு. அது சரியான காரணம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஒரு நிரல் 1 ஜிகாபைட்டு நினைவகம் கேட்டுப் பெற்றது என்றால் அவ்வளவு ரேம் உடனே நிரம்பிவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் இயக்க அமைப்பு 'சரி' என்று மட்டும் சொல்லிவைக்கும். நிரல் ஒரு பக்கத்தில் உண்மையிலேயே எழுதும்போதுதான் சட்டகம் தரப்படும். லினக்ஸ் இப்படி இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டு வந்தால் ஏதாவது ஒரு செயல்முறையை முடித்துவைத்துச் சமாளிக்கும்.

சட்டகங்கள் கூடினால் பக்கப் பிழை குறைந்தே தீருமா?

பொது அறிவுக்கு 'ஆம்' என்றே தோன்றும். மாணவர்களிடம் கேட்டால் கேள்வியே முடியுமுன் தலையாட்டுவார்கள். ஆனால் 1969-இல் ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கக் கணினி அறிஞர் லாஸ்லோ பெலாடியும் உடன் ஆய்வாளர்களும் இதற்கு எதிரான எடுத்துக்காட்டைக் காட்டினார்கள். இது இன்று பெலாடி முரண் எனப்படுகிறது. கையால் செய்து பார்க்கக்கூடியது. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கங்கள் கேட்கப்படும் வரிசை: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் முறையைப் பின்பற்றுவோம். மூன்று சட்டகங்கள் இருந்தால் 1, 2, 3, 4, 1, 2, 5 ஆகிய முதல் ஏழு கேள்விகளும் பிழையாகும். அப்போது உள்ளே 1, 2, 5 இருக்கும். அடுத்த 1, 2 இரண்டும் கிடைத்துவிடும். பிறகு 3, 4 பிழை. கடைசி 5 கிடைக்கும். மொத்தம் 9.

இப்போது நான்கு சட்டகங்கள். முதல் நான்கும் பிழை. அடுத்த 1, 2 கிடைத்துவிடும், மகிழ்ச்சி. ஆனால் 5 வரும்போது மிகப் பழையதான 1 வெளியேறுகிறது. உடனே அடுத்த கேள்வி 1. அதற்காக 2 வெளியேற, அடுத்த கேள்வி 2. இப்படியே கடைசிவரை, யாரை வெளியே அனுப்பினோமோ அவரே அடுத்து வாசலில் நிற்கிறார். மொத்தம் 10. ஒரு சட்டகம் கூட்டியதால் ஒரு பிழை கூடிவிட்டது.

எல்லா முறைகளிலும் இது நிகழாது. நெடுநேரம் பயன்படுத்தப்படாத பக்கத்தை வெளியேற்றும் முறையில், நான்கு சட்டகங்களில் இருக்கும் பக்கங்கள் எப்போதும் மூன்று சட்டகங்களில் இருந்திருக்கக்கூடிய பக்கங்களையும் உள்ளடக்கியே இருக்கும். ஆகவே முரண் எழ வழியில்லை.

இதே வகையில் உள்ளுணர்வை ஏமாற்றும் இன்னொன்றை 1968-இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். செயலி சும்மா இருக்கிறது என்று பார்த்து இன்னும் சில நிரல்களை ஏற்றினால், எல்லா நிரல்களும் தமக்கு வேண்டிய பக்கங்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக்கொண்டு வட்டுக்காகக் காத்துக் கிடக்கும். செயலி இன்னும் சும்மா ஆகும். அதைப் பார்த்து மேலும் ஏற்றினால் அமைப்பே நின்றுவிடும். இந்நிலைக்குத் 'திராஷிங்' என்று பெயர். செயலி சும்மா இருப்பது எப்போதும் வேலையின்மையின் அடையாளம் அன்று.

ஒரே செயலி இருந்தால் போட்டி நிலை வராதா?

இனி ஒத்திசைவு. இங்கு வரும் தவறான புரிதல்கள் நினைவகத்தில் வருவனவற்றைப் போலப் பணத்தையோ நேரத்தையோ மட்டும் வீணாக்குபவை அல்ல.

முதலில் அடிப்படை. ஒரு மாறியில் 100 இருக்கிறது. இரண்டு இழைகள் அதனோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். நிரலில் இது ஒரே வரி. ஒரே வரி என்றால் ஒரே செயல் என்று எண்ணுவதுதான் தவறு. செயலிக்கு அது மூன்று படிகள்: நினைவகத்திலிருந்து எடு, ஒன்றைக் கூட்டு, திரும்ப எழுது. முதல் இழை 100-ஐ எடுத்தவுடன் அதன் நேரம் முடிந்து இரண்டாம் இழைக்கு வாய்ப்புப் போகிறது. அதுவும் 100-ஐ எடுத்து, கூட்டி, 101 என எழுதுகிறது. முதல் இழை திரும்ப வந்து, தான் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, தானும் 101 என எழுதுகிறது. 102 இருக்க வேண்டிய இடத்தில் 101. இதற்குப் போட்டி நிலை என்று பெயர். ஒரே பேரேட்டை இரண்டு கணக்கர்கள் ஆளுக்கொரு படி எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி, திரும்ப ஒட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

மேலே சொன்ன கதையில் எத்தனை செயலிகள் இருந்தன? ஒன்றுதான். இழைகளை மாற்றி மாற்றி ஓட்டினாலே போதும். போட்டி நிலை வந்துவிடும். "என் கணினியில் ஒரே கோர், எனக்குப் பூட்டு வேண்டாம்" என்பதற்கு மிகக் கசப்பான மறுப்பு தெராக்-25.

தெராக்-25 என்பது கனடாவின் அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா நிறுவனம் உருவாக்கிய புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி. பிடிபி-11 வகைக் கணினி ஒன்று அதை இயக்கியது; ஒரே செயலியில் பல பணிகள் மாறி மாறி ஓடின. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986-இல் நடந்த இரு விபத்துகளிலிருந்து ஒரு காரணம் வெளிப்பட்டது. கருவியை இயக்குபவர் எலக்ட்ரான் கற்றைக்குப் பதிலாக எக்ஸ்-கதிர் என்று தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே சென்று திருத்தினார். அந்நேரத்தில் வேறொரு பணி, வளைக்கும் காந்தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தது. அதற்கு ஏறத்தாழ 8 நொடி ஆகும். அந்த 8 நொடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டால் அந்தப் பணி அதைக் கவனிக்காது. திரையில் சரியான அளவு தெரியும். உள்ளே எக்ஸ்-கதிருக்குரிய கடும் கற்றை, இடையில் இருக்க வேண்டிய இலக்குத் தகடு இல்லாமல் நேராகப் பாயும்.

சோதனையின்போது இது ஏன் தெரியவில்லை? புதிதாகப் பழகுபவர்கள் மெதுவாகத் தட்டுவார்கள். 8 நொடியைத் தாண்டிவிடும். கைதேர்ந்தவர்கள் விரைவாகத் திருத்தினார்கள். திறமை கூடியபோதுதான் பிழை வெளிவந்தது. முந்தைய வடிவமான தெராக்-20-இன் நிரலிலும் இப்பிழை இருந்தது. ஆனால் அதில் மின்சுற்றாலான தனிப் பாதுகாப்புப் பூட்டுகள் இருந்ததால் கருவி நின்றுவிடுமே தவிர யாருக்கும் தீங்கு நேரவில்லை. புதிய வடிவத்தில் அந்தச் சுற்றுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள்.

"ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தேன், சரியாகவே வந்தது" என்பது ஒத்திசைவில் சான்றாகாது என்பதற்கு இன்னொரு நிகழ்வு 14 ஆகஸ்டு 2003 அன்று வட அமெரிக்காவில் ஏற்பட்ட மின்தடை. ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். மின்கம்பிகள் மரங்களில் உரசியது தொடக்கம். ஆனால் ஒகையோ மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊமையாக இருந்ததால், நிலைமை கைமீறுவதை அங்கிருந்தவர்கள் அறியவில்லை. அந்த ஊமைத்தனத்துக்குக் காரணம் ஒரு போட்டி நிலை. பல இடங்களில் நெடுங்காலம் நன்றாக ஓடிய மென்பொருள் அது. பிழையைக் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆயின.

மியூடெக்ஸும் செமஃபோரும் ஒன்றா?

இரண்டு மதிப்புகள் மட்டும் கொண்ட செமஃபோரும் மியூடெக்ஸும் ஒன்றே என்று பல குறிப்பேடுகள் எழுதுகின்றன. செமஃபோரை 1960-களில் நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா அறிமுகப்படுத்தினார். அது ஓர் எண்ணி. ஒருவர் குறைப்பார், பூச்சியமாக இருந்தால் காத்திருப்பார், இன்னொருவர் கூட்டுவார். குறைத்தவரே கூட்ட வேண்டும் என்ற விதி இல்லை. 'வேலை முடிந்தது, நீ தொடங்கலாம்' என்று ஓர் இழை மற்றொன்றுக்குச் சொல்ல அது ஏற்றது. மியூடெக்ஸ் ஒரு பூட்டு. அதற்கு உடையவர் உண்டு. பூட்டியவரே திறக்க வேண்டும்.

இது வெறும் சொல் வேறுபாடா என்று கேட்கலாம். செவ்வாய்க் கோளில் 4 ஜூலை 1997 அன்று இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கதை விடை சொல்லும். இறங்கிய சில நாள்களில் அதன் கணினி அவ்வப்போது தானாகவே மறுதொடக்கம் ஆயிற்று. நடந்தது இதுதான். வானிலைத் தரவு சேகரிக்கும் பணிக்கு முன்னுரிமை குறைவு. அது ஒரு மியூடெக்ஸைப் பூட்டிக்கொண்டிருந்தது. தகவல் பாட்டையை மேலாளும், முன்னுரிமை மிகுந்த பணி அதே பூட்டுக்காகக் காத்தது. அந்நேரம் பார்த்து நடுத்தர முன்னுரிமை உடைய தகவல்தொடர்புப் பணி நுழைந்து, வானிலைப் பணியை ஓடவிடாமல் செயலியைப் பிடித்துக்கொண்டது. வானிலைப் பணி ஓடினால்தான் பூட்டு திறக்கும். திறந்தால்தான் முதன்மைப் பணி ஓடும். முதன்மைப் பணி குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெருங்கோளாறு என்று எண்ணிக் கணினியை மீண்டும் தொடக்கியது. இது முன்னுரிமைத் தலைகீழாக்கம் எனப்படுகிறது. "முன்னுரிமை அதிகம் கொடுத்தால் அந்தப் பணி முதலில் முடியும்" என்ற நம்பிக்கையும் இங்கே சேர்ந்து உடைகிறது.

தீர்வு ஏற்கெனவே இருந்தது. பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுத்துவிடுவது. இம்முறையை விரிவாக ஆராய்ந்து 1990-இல் கட்டுரை வெளியிட்ட மூவர் லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகியோர். இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். பாத்ஃபைண்டரின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயக்க அமைப்பில் இவ்வசதி இருந்தது. அந்த மியூடெக்ஸுக்கு அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் கோளாறை மீண்டும் வரவழைத்துப் பார்த்த பொறியாளர்கள், அதை இயக்கும்படி விண்கலத்துக்குக் கட்டளை அனுப்பினார்கள். மறுதொடக்கம் நின்றது. இப்போது செமஃபோருக்குத் திரும்புவோம்: உடையவரே இல்லாத ஒன்றில் யாருக்கு முன்னுரிமையைக் கொடுப்பது?

முட்டுக்கட்டை நிலை

டெட்லாக் என்னும் முட்டுக்கட்டை நிலையைப் பற்றி இரண்டு செய்திகள் மட்டும். கணினி அசையாமல் நின்றாலே முட்டுக்கட்டை என்று கொள்ளக்கூடாது. ஒருவர் வைத்திருப்பதை மற்றவர் கேட்டு வட்டமாகக் காத்திருந்து, யாராலும் இனி எப்போதும் நகர முடியாது என்றால்தான் அது முட்டுக்கட்டை. மற்றவர்கள் நகர்ந்துகொண்டே இருக்க, ஒருவருக்கு மட்டும் முறை வராமலே போவது பட்டினி நிலை, மருந்து வேறு. இன்னொன்று, வளங்களின் வரைபடத்தில் வட்டம் இருந்தால் முட்டுக்கட்டை உறுதி என்பது, ஒவ்வொரு வளமும் ஒன்றே ஒன்றாக இருக்கும்போது மட்டும் உண்மை. ஒரே வகையில் இரண்டு அச்சுப்பொறிகள் இருந்து, வட்டத்தில் சேராத ஒருவர் ஒன்றை வைத்திருந்தால், அவர் வேலை முடித்துத் திருப்பித் தந்ததும் வட்டம் அவிழ்ந்துவிடும்.

தேர்வுக்கு விரும்பிக் கேட்கப்படும் வங்கியர் வழிமுறை, விண்டோஸிலும் லினக்ஸிலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. ஒவ்வொரு செயல்முறையும் தனக்கு அதிகபட்சம் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால்தான் அது வேலை செய்யும். உலாவியிடம் போய் அதைக் கேட்க முடியாது. நடைமுறையில் நிரலர்கள் கையாளும் வழி எளிது: எல்லாப் பூட்டுகளுக்கும் ஒரு வரிசை எண் வைத்து, எப்போதும் ஏறுவரிசையில் மட்டும் பூட்டுவது. வட்டமே உருவாகாது.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள், ஒரே மாறியில் தலா 10,00,000 முறை ஒன்றைக் கூட்டும் இரண்டு இழைகளை எழுதிப் பாருங்கள். சி மொழியில் என்றால் கம்பைலரின் மேம்படுத்தலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது சுழற்சி முழுவதையும் ஒரே கூட்டலாக மாற்றிவிடக்கூடும். ஜாவாவில் என்றால், மாறியை 'வோலடைல்' என்று அறிவித்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். அச்சொல் பூட்டுக்கு ஈடு என்று நம்புபவர்கள் உண்டு. அது புதிய மதிப்பை எல்லா இழைகளும் காணும்படி செய்யும். எடு, கூட்டு, எழுது என்ற மூன்று படிகளை ஒன்றாகக் கட்டாது. 20,00,000 வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் இன்னும் சில முறை ஓட்டுங்கள்.